வைரஸின் இரண்டு புரதங்களும் நாம் செய்துகொள்ள வேண்டிய ஒரு பரிசோதனையும்

(ஊராட்சி அளவிலான மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். மின்னிதழ் வாசகர்களுக்காகச் சற்று விரிவாக்கித் தரப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, செய்தித் துறையில் எழுதும் வேலை பார்க்கிறேன். ஒரு திட்டம் என்ன, யாருக்குத் தகுதி, எங்கே விண்ணப்பிக்கணும், என்னென்ன ஆவணம் வேணும் என்பதையெல்லாம் எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதுவதுதான் என் தினசரி வேலை.

கொஞ்ச நாளுக்கு முன்னால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன். ‘30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம்’ என்பது அதன் முதல் வரி. அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். “நல்லா எழுதியிருக்கே” என்றார். மடித்து, காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

“நீ எப்பம்மா போகப் போறே?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னடி, நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு 48 வயது. அவருடைய கூடப்பிறந்த தங்கை, என் சித்தி, இதே நோயில்தான் இறந்தார். அப்போது சித்திக்கு 42 வயது. மாதவிலக்குக்கு நடுவே ரத்தம் பட்டிருக்கிறது. பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் காட்டியபோது, உள்ளே பரிசோதிக்காமலே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இடுப்பு வலி தாங்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது நோய் பரவியிருந்தது.

அந்த நாட்களில் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், வராந்தாவில் நின்றுகொண்டு, “எப்படி வந்துச்சாம்? யார்கிட்டேர்ந்து வந்துச்சாம்?” என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அம்மாவுக்குள் தங்கிவிட்டது. நோயைவிட அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியணும்னா, அந்த வைரஸ் நம் உடம்பின் ஒரு செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது என்று தெரியணும். துண்டுப் பிரசுரத்தில் அதற்கு இடமில்லை. இங்கே இருக்கிறது. வாங்க, பார்க்கலாம்.

செல்லுக்குள்ளும் ஒரு அலுவலகம்

நம் உடம்பில் செல்கள் தேவைப்படும்போது ஒன்று இரண்டாகப் பிரிகின்றன. கையில் கீறல் பட்டால் தோல் மூடிக்கொள்கிறதே, அது செல் பிரிவதால்தான். ஆனால் எந்த செல்லும் நினைத்த நேரத்தில் பிரிந்துவிட முடியாது. நம் அலுவலகங்களில் கோப்பு நகர்வது போலவே அங்கேயும் அனுமதி, சரிபார்ப்பு எல்லாம் உண்டு.

அதில் இரண்டு பேர் முக்கியம். இருவருமே புரதங்கள்.

முதலாவது, ஆர்.பி. என்ற புரதம். குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை ஆராய்ந்தபோது தெரியவந்தது இது. செல் பிரிவதற்கான ‘கோப்பை’ இது கையில் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கோப்புக்கு இ2எஃப் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அதுவும் ஒரு புரதம்தான், செல் பிரியத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வேலை. ‘இப்போது பிரியலாம்’ என்ற முறையான உத்தரவு வந்தால்தான் ஆர்.பி. அதை விடும். வரவில்லை என்றால் விடாது.

இரண்டாவது, பி53 என்ற புரதம். 1979-இல் கண்டறியப்பட்டது. இது சரிபார்க்கும் அதிகாரி. செல்லின் டி.என்.ஏ.வில் பிழை இருக்கிறதா, பிரிவது முறைப்படி நடக்கிறதா என்று கவனிக்கும். சின்னப் பிழை என்றால் வேலையை நிறுத்தி, ‘சரி செய்துவிட்டு வா’ என்று சொல்லும். திருத்த முடியாத பிழை என்றால் அந்த செல்லையே தற்கொலை செய்துகொள்ள வைக்கும். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. கெட்டுப்போன ஒரு செல் சத்தமில்லாமல் போய்விட்டால், கோடிக்கணக்கான நல்ல செல்கள் பிழைக்கும்.

மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53-இன் மரபணு சேதமடைந்திருக்கிறது. இதிலிருந்தே அதன் முக்கியத்துவம் புரியும்.

வருகிறது வைரஸ்

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில வகைகள் கையிலும் காலிலும் மரு வர வைக்கும். புற்றுநோய் ஆபத்து உள்ளவை ஒரு டஜன் வகைகளை ஒட்டித்தான். அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் ட்சூர் ஹவுசன்தான் இந்தத் தொடர்பை நிரூபித்தவர். வேறொரு வைரஸ்தான் காரணம் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இவர் விடாமல் தேடி 1983-இல் 16-ஆம் வகையையும், 1984-இல் 18-ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தார். 2008-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் எவ்வளவு சின்னது தெரியுமா? நம் மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் என்றால், இதனுடையது சுமார் 8,000 எழுத்துகள்தான். இரண்டு மூன்று பக்கக் கடிதம், அவ்வளவுதான். அதில் புற்றுநோய்க்குக் காரணமானவை இரண்டே இரண்டு புரதங்கள். பெயர் இ6, இ7.

இ7: கோப்பை விடுவிப்பது

வைரஸுக்குத் தன்னைத்தானே நகல் எடுக்கத் தெரியாது. நகல் எடுக்கும் இயந்திரம் நம் செல்லிடம்தான் இருக்கிறது. அந்த இயந்திரமோ, செல் பிரியத் தயாராகும்போதுதான் ஓடும்.

கருப்பை வாயின் உட்புறத் தோல் பல அடுக்குகளால் ஆனது. அடி அடுக்கில் உள்ள செல்கள்தான் பிரியும். மேலே வர வர அவை முதிர்ந்து, பிரிவதை நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக வைரஸ் அடி அடுக்குக்குள் நுழைகிறது. செல் மேலே நகரும்போது வைரஸும் கூடவே வருகிறது. ஆனால் அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டார்களே! வைரஸ் என்ன செய்யும்?

இ7-ஐ அனுப்பும். இ7 நேராக ஆர்.பி.யைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆர்.பி.யின் கை தளர்ந்து, கோப்பு விடுபட்டுவிடும். மேலிடத்து உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனாலும் செல் ‘உத்தரவு வந்துவிட்டது’ என்று நினைத்து நகல் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும். வைரஸ் அந்த இயந்திரத்தில் தன் நகல்களை எடுத்துக்கொள்ளும்.

இ6: அதிகாரியைக் குப்பையில் போடுவது

இங்கே வைரஸுக்கு ஒரு சிக்கல். உத்தரவில்லாமல் இயந்திரம் ஓடுவதைச் சரிபார்க்கும் அதிகாரி கவனித்துவிடுவாரே! ஆமாம், பி53 விழித்துக்கொள்ளும். அந்த செல்லைச் சாகச் சொல்லும். செல் செத்தால் வைரஸும் காலி.

அதற்குத்தான் இ6.

நம் செல்லுக்குள் குப்பை அகற்ற ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. பழசான, வீணான புரதங்களின்மேல் யூபிக்விட்டின் என்ற சின்னச் சீட்டை ஒட்டுவார்கள். சீட்டு ஒட்டிய புரதத்தைச் செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரம் எடுத்துப் போய்த் துண்டு துண்டாக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இ6 செய்வது இதுதான்: சீட்டு ஒட்டும் ஊழியர் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, பி53-க்கு முன்னால் நிறுத்திவிடும். அந்த ஊழியர் வழக்கமாக பி53 பக்கமே போக மாட்டார். ஆனால் இ6 கூட்டிவந்ததால் பி53-இன்மேல் குப்பைச் சீட்டை ஒட்டிவிடுவார். நல்ல அதிகாரியைக் குப்பை என்று நினைத்து செல்லே அழித்துவிடும். செல் புதிது புதிதாக பி53-ஐத் தயாரித்தாலும், வந்த வேகத்தில் குப்பைக்குப் போய்விடும்.

வைரஸ் இங்கே வெளியிலிருந்து ஆயுதம் எதுவும் கொண்டுவரவில்லை, பாருங்க. நம் ஊழியர், நம் சீட்டு, நம் குப்பை இயந்திரம். அதை வைத்தே நம் அதிகாரியை ஒழித்துவிட்டது.

இ6 இன்னொன்றும் செய்கிறது. நம் குரோமோசோம்களின் நுனியில் ஒரு காப்பு இருக்கிறது. ஷூ கயிற்றின் முனையில் பிளாஸ்டிக் இருக்குமே, அது மாதிரி. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது கொஞ்சம் தேயும். தேய்ந்து தீர்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். போன் ரீசார்ஜுக்கு வேலிடிட்டி இருப்பது போல செல்லுக்கும் ஒரு கெடு. இ6 அந்த நுனியைத் திரும்ப நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. கெடு தீரவே தீராது.

இப்போது கூட்டிப் பாருங்கள். இ7 செல்லை வளர வைக்கிறது. இ6 செல்லைச் சாகாமல் வைக்கிறது. ஒருவர் செய்யும் தப்பை இன்னொருவர் மூடி மறைக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் ஆபத்து.

அப்படியானால் தொற்று வந்தாலே புற்றுநோயா?

இல்லை. இந்தப் பேச்சில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், இந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்: தொற்று வேறு, புற்றுநோய் வேறு.

பத்துப் பேருக்குத் தொற்று வந்தால், சுமார் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை ஒழித்துவிடும். அவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இன்னொன்று, வைரஸிடமே ஒரு கடிவாளம் உண்டு. இ2 என்ற இன்னொரு புரதம், இ6-உம் இ7-உம் அளவுக்கு மீறித் தயாராகாமல் அடக்கி வைத்திருக்கும். வைரஸுக்குத் தேவை நகல்கள்தான். நம்மைக் கொல்வதில் அதற்கு லாபம் எதுவுமில்லை.

சிலரிடம் மட்டும் தொற்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். அப்போது விபத்து மாதிரி ஒன்று நடக்கலாம். வட்டமாக இருக்கும் வைரஸின் டி.என்.ஏ. அறுந்து, நம் குரோமோசோமுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அறுபடும் இடம் பல நேரங்களில் இ2 மரபணுவாக அமைந்துவிடுகிறது. கடிவாளம் போச்சு. அதன்பின் இ6-உம் இ7-உம் தடையில்லாமல் தயாராகும். சரிபார்ப்பு இல்லாமல் செல் பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ.வில் பிழை சேரும். சேர்ந்த பிழைகளைத் திருத்தவோ நிறுத்தவோ ஆள் இல்லை. அந்தப் பிழைகளின் கூட்டல்தான் புற்றுநோய்.

ஒட்டிக்கொண்ட அந்த வைரஸால் அதன்பின் புதிய வைரஸ்களை உருவாக்கவும் முடியாது. அதாவது, புற்றுநோய் அதற்கும் ஒரு முட்டுச்சந்துதான்.

இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. சாதாரண எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணுக்கு, தொற்றிலிருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் போல எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

15 ஆண்டு! ஒரு பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்து கல்லூரிக்குப் போகிற காலம். அவ்வளவு காலம் அந்த நோய் நமக்கு அவகாசம் கொடுக்கிறது. அப்படியிருந்தும், 2022-ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல்.

1951-இல் எடுத்த செல் இன்னும் வளர்கிறது

அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்று ஒரு தாய் இருந்தார். கருப்பினத்தைச் சேர்ந்த அவர், 1951-இல் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். சிகிச்சையின்போது அவருடைய கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலேயே செல்களை எடுத்தார்கள். அந்த செல்கள் ஆய்வகத்தில் சாகவே இல்லை. ‘ஹீலா’ என்ற பெயரில் உலகெங்கும் இன்றும் வளர்கின்றன. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி உட்பட எத்தனையோ கண்டுபிடிப்புகளுக்கு அவை உதவியிருக்கின்றன.

ஏன் சாகவில்லை? அவற்றுக்குள் 18-ஆம் வகை எச்.பி.வி.யின் இ6-உம் இ7-உம் இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கின்றன. விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். அந்தச் செல்களுக்குள் இ2-வைத் திரும்ப வைத்தார்கள். அதாவது, கடிவாளத்தை மறுபடி மாட்டினார்கள். இ6, இ7 அடங்கின. பி53-உம் ஆர்.பி.யும் திரும்ப வந்தன. அத்தனை ஆண்டுகளாக நிற்காமல் ஓடிய செல்கள் பிரிவதை நிறுத்தின.

அந்த அதிகாரிகள் கெட்டுப்போகவே இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். அவர்களை வேலை செய்ய விடவில்லை, அவ்வளவுதான்.

“யார்கிட்டேர்ந்து வந்துச்சு?”

இப்போது அந்த வராந்தாக் கேள்விக்கு வருவோம்.

எச்.பி.வி. பெரும்பாலும் தாம்பத்திய உறவின் மூலம் பரவுகிறது. உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாம்பத்திய வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்துபோகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு துணையோடு வாழ்ந்தவருக்கும் வரலாம். வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அந்தக் கேள்வியால் பயனும் கிடையாது. அதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையையோ, ஒரு கணவரின் நடத்தையையோ எடை போடுவது அறியாமை.

நூறு பேருக்கு வரும் தொற்று சிலரிடம் மட்டும் தங்குகிறது. தங்கியதில் சிலரிடம் மட்டும் ஒரு டி.என்.ஏ. தவறான இடத்தில் அறுந்துவிடுகிறது. என் சித்தி செய்த தப்பு எதுவும் இதில் இல்லை.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: “ஆம்பளைங்களுக்கு இதனால ஒண்ணும் வராதா?” வரும். இதே வைரஸ் தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களிலும் புற்றுநோய் உண்டாக்கும். இது பெண்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை.

முதல் பூட்டு: தடுப்பூசி

வைரஸின் வெளி ஓடு எல்1 என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்தால், அது தானாகவே சேர்ந்து வைரஸ் போன்ற வெற்று உருண்டையாகிவிடும். அதுதான் தடுப்பூசி. உள்ளே டி.என்.ஏ. இல்லை, இ6 இல்லை, இ7 இல்லை. ஆகவே தடுப்பூசியால் நோய் வருமோ என்ற பயம் வேண்டாம். நம் உடம்பு அந்த ஓட்டை அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டு, நிஜ வைரஸ் வந்தால் செல்லுக்குள் நுழையும் முன்பே பிடித்துவிடும்.

தொற்று வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது. இந்த வயதுச் சிறுமிகளுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. நம் நாட்டின் சீரம் நிறுவனம் தயாரித்த ‘செர்வாவேக்’ தடுப்பூசிக்கு அதே ஆண்டு அனுமதி கிடைத்தது.

பலன் உண்டா? சுவீடனில் 17 வயதுக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024-இல் ஆய்வு வெளிவந்தது.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எப்போது, எங்கே என்பதைப் பள்ளியிலோ உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றைத் தடுப்பூசி போக்காது. எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது. ஆகவே தடுப்பூசி போட்டவர்களும் உரிய வயதில் பரிசோதனைக்குப் போகணும்.

இரண்டாவது பூட்டு: பரிசோதனை

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் பரிசோதனை மிக எளிமையானது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயின்மீது நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகர்தான், வேறொன்றுமில்லை. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். இ6, இ7 வேலையைத் தொடங்கியிருந்தால், அங்கே செல்கள் நெருக்கமாகப் பெருகியிருக்கும். அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சில நிமிட வேலை. கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும்; மயக்க மருந்து, படுக்கை எதுவும் வேண்டாம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

‘வினிகர் தடவினால் உயிர் பிழைக்குமா?’ என்று சந்தேகம் வரலாம். இதற்குப் பதில் சொன்னதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. நம் ஊர்ப் பெண்கள் வந்து படுத்ததால் உலகத்துக்கே கிடைத்த ஆதாரம் அது.

இப்போது வைரஸின் மரபணுவையே கண்டறியும் எச்.பி.வி. பரிசோதனையும் உண்டு. 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள்ளும் மறுபடி 45 வயதுக்குள்ளும் இந்த மாதிரியான தரமான பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

அம்மா போனார்

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். கோப்பு, அதிகாரி, குப்பைச் சீட்டு எல்லாவற்றையும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கடைசியில், “அப்ப உன் சித்தி மேல தப்பே இல்லைன்னு சொல்றியா?” என்றார்.

“இல்லம்மா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “இதை அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா, அவகிட்ட நானே கேட்டிருப்பேனே, உனக்கு என்ன பண்ணுதுன்னு” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். வெள்ளைத் திட்டு தெரிந்தது. எனக்குக் கை சில்லிட்டுப்போனது. செவிலியர் அக்கா நிதானமாகச் சொன்னார்: “இது புற்றுநோய்னு அர்த்தம் இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரில இன்னும் நல்லா பெரிசுபடுத்திப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.” அரசு மருத்துவமனையில் கருவி வைத்துப் பார்த்து, சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலை. மரத்துப்போக ஊசி போட்டு, மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை, நன்றாக இருக்கிறார். இதையெல்லாம் எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். “பேர் போடாம எழுது. நாலு பேர் போகட்டும்” என்றார்.

“எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று அம்மா சொன்ன அன்றும், அந்த இரண்டு புரதங்கள் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. வலி இல்லை, அறிகுறி இல்லை. நன்றாக இருக்கும்போதே போக வேண்டிய பரிசோதனை இது.

நீங்கள் செய்ய வேண்டியவை

30 முதல் 65 வயதுக்குள் இருந்தால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை.

மாதவிலக்குக்கு நடுவே, உறவுக்குப் பின், அல்லது மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் பட்டால், துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டால், இடுப்பு வலி நீடித்தால், முகாமுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். உள்ளே பரிசோதிக்காமல் மாத்திரை மட்டும் எழுதினால், “கருப்பை வாயைப் பரிசோதிக்கணும்” என்று நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று சொன்னால் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவமனைக்குக் கட்டாயம் போங்கள். பாதியில் நின்றுவிட்ட பரிசோதனையால் பலன் இல்லை.

நோய் உறுதியானால் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் எதுவானாலும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் ஒருவரிடம், அம்மாவோ, அத்தையோ, அண்ணியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, “போயிட்டு வந்தியா?” என்று கேளுங்கள். “பயமா இருக்கு” என்று சொன்னால், கூடப் போங்கள். நான் அம்மாவோடு போனேன். சித்தியோடு போக யாரும் இல்லை.